செவ்வரளிக்கு எம்.எஸ்சி., வெள்ளைப் பூவுக்கு எம்.எஸ்.டபிள்யூ.

மனநலத் துறைக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன், ஒனக்கு இன்னா ஆச்சு?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்வந்த வருடங்களில், ஆபீஸ் கேப் வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏனோ என்னிடம்தான் அழுதார்கள். கேளம்பாக்கத்தில் ஆரம்பித்தால் திருப்போரூர் தாண்டும்வரை ஓயாது. எப்படியும் கேட்கத்தான் போகிறோம், படித்துவிட்டாவது கேட்போமே என்று நினைத்தேன்.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துத் தொலைத்தது. ஒன்றில் எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல். அதைப் படித்தால் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசலாம். இன்னொன்றில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி, மனநலப் பிரிவு. அது ஆஸ்பத்திரியோடு நிற்காது, வீடு வீடாகப் போய்க் குடும்பத்தோடும் பேசவேண்டும். திங்கட்கிழமைக்குள் எதையாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா எம்.எஸ்சி. கட்சி. கல்யாணப் பத்திரிகையில் போட்டால் எடுப்பாக இருக்குமாம். கோவளத்துப் பெரியம்மா போனில், "சோஷியல் வொர்க்குன்னா பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்கறதுதான?" என்றாள். கேபில் கூட வரும் ஒருவன், எம்.பி.ஏ. பண்ணு மச்சி, மனசு தானாகச் சரியாகிவிடும் என்றான். இத்தனைக்கும் கேபில் அதிகம் அழுதது அவன்தான்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். படிப்பே வேண்டாம் என்பது அவர் கட்சி. "பேசறதுக்கு ஒரு படிப்பா? நம்ம தெருவுல அல்லாரும் படிக்காமயே பேசிக்கினுதான கீறாங்க." அவர் தலையாட்டாமல் வேலையை விட எனக்கு மனசு வரவில்லை. ஐ.டி. ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஒன்றை வெகுநாள் ஓட்டியவர். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஆள் குறைந்து, கடைசியில் வேனை விற்றுவிட்டார்.

இந்தச் சண்டையைத் தீர்க்க அம்மா, நைனாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மனிடம் போனாள். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்பார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டவைப்பார் பூசாரி. எது முதலில் விழுகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. பெண் பார்க்க, போர் போட, ஆட்டோ வாங்க எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறார்கள். மேற்படிப்புக்குக் கேட்டது நாங்கள்தான் முதல் என்று நினைக்கிறேன். செவ்வரளி எம்.எஸ்சி., வெள்ளை நந்தியாவட்டை எம்.எஸ்.டபிள்யூ. பூசாரி ஒட்டிவைத்துவிட்டு, "எம்.எஸ். டபுள்... ஆத்தாவுக்குப் புரியும், வுடு" என்றார்.

பூ விழவில்லை. பெரியம்மா வேறு ஸ்கோர் கேட்பதுபோல் போன் போட்டு "வுழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே சிக்னல் இல்லாததால் ஒவ்வொரு போனுக்கும் அம்மா வாசலுக்கு ஓடினாள். நான் என்ன படிக்கப் போகிறேன் என்று தெரிந்துகொண்ட பூசாரி, கருவறையை விட்டு இறங்கி வந்து, மருமகள் தன்னிடம் பேசுவதேயில்லை என்று ஆரம்பித்தார். விளக்குப் போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, மருமகள் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னாள். இருவரும் தூண் ஓரமாகப் போய் வழக்கை நடத்தினார்கள்.

நைனா என் எதிரில் வந்து நின்றார். மெதுவாக, "வண்டிய வித்ததுலேந்து காலைல எங்க போறதுன்னே தெரியலம்மா. ரோட்டுல வேன் ஆரன் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது. உங்கம்மாகிட்ட சொல்லல" என்றார்.

தினமும் அவர் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பால்காரருக்காக நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடாமல் பேசினார், நான் கேட்டேன்.

கடைசியில், "ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் வரமாட்டன். வூட்டுக்கே வந்து பேசறாங்களே, அது எந்தப் படிப்பு?" என்றார்.

"வெள்ளைப் பூ, நைனா."

அப்போதுதான் பூசாரி, "ஐயையோ" என்றார். இரண்டு பூவும் அம்மன் காலடியில் கிடந்தன. எப்போது விழுந்தது, எது முதலில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூசாரி அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா காதில் போனோடு ஓடிவந்து, "எதுடி மொதல்ல வுழுந்துச்சு?" என்றாள். போனுக்குள் பெரியம்மாவும் அதையே கேட்டாள்.

"வெள்ளைதான்" என்றார் நைனா. "என் கண்ணால பாத்தேன்."

"நெசமாவா?"

"அம்மன் எதிர்ல நின்னுக்கினு பொய் சொல்வனா?"

பூசாரி நிம்மதியாகக் கற்பூரம் ஏற்றினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நைனா அவ்வளவு நேரமும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடிதான் நின்றிருந்தார்.