ஷட்டர் இறக்காத கடை

இந்தப் பக்கத்திலும் இல்லை. சாருலதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தட்டினாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் நம்பர் தேடுகிறவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். மயிலாப்பூர் லஸ் முனையில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு முதல் ஆளாக வந்து, மூலை நாற்காலியைப் பிடித்து, தி.நகர் பாத்திரக் கடை ஒன்று இன்டர்நெட்டில் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவள் அடுத்த காரியம் பார்ப்பாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் அவளுடைய இடது கைக்குக் கொஞ்சம் ஒதுங்கியே உட்காருவார்கள். வருஷக் கணக்காக டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த கை அது. ஒரு வரி முடிந்ததும், இல்லாத கைப்பிடியைத் தள்ளுவதற்கு இன்னமும் காற்றில் எழும்பும்.

கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது இப்போது அவள் தொழில். வெப்சைட் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்கள் கூச்சப்பட வேண்டாம், அவளுடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. “உங்க கடைக்கு இன்னொரு வாசல் வெக்கறேன். அமெரிக்காவுல இருக்கறவாளுக்கும் அந்த வாசல் பக்கத்துத் தெருதான்” என்பாள். அதோடு விளக்கம் முடிந்தது. வாசல் வைப்பது சுலபம், அப்படி ஒரு வாசல் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியவைப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தையைத் தட்டித் தேடினால் நம் கடை முதல் பக்கத்தில் வர வேண்டும். இருபதாவது பக்கம் வரை புரட்டுகிற பொறுமை உலகத்தில் சாருலதாவுக்கு மட்டும்தான் உண்டு.

என்ன வார்த்தையைத் தட்டுவார்கள் என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருக்கிறது. வெப்சைட் கேட்ட கடையில் போய் அரை நாள் சும்மா நிற்பாள். எதையாவது கையில் எடுத்து விலை கேட்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, வருகிறவர்கள் வாயைத் திறந்து என்ன கேட்கிறார்கள் என்று காதைக் கொடுப்பாள். பாத்திரக் கடையில் அவள் நின்ற அன்று ஒருத்தர்கூட ஈயப் பாத்திரம் என்று கேட்கவில்லை. “ரசம் வைக்கறதுக்கு ஒண்ணு குடுங்கோ”, “பொண்ணு அமெரிக்கா போறா, எடுத்துண்டு போற மாதிரி சின்னதா” என்றுதான் கேட்டார்கள். அந்தப் பேச்சையெல்லாம் அப்படியே இங்கிலீஷில் ஆக்கி, கடையின் பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதிவைத்தாள். வாயால் எப்படிக் கேட்கிறார்களோ அப்படித்தான் விரலாலும் கேட்பார்கள் என்பது அவள் கட்சி.

இதே தொழிலில் இருக்கும் சில கெட்டிக்காரர்கள், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக சினிமா நடிகைகளின் பெயர்களைப் பக்கம் முழுக்க ஒளித்துவைப்பார்கள். நடிகையைத் தேடுகிறவன் குக்கர் கடைக்குள் வந்து விழுவான். சாருலதாவுக்கு அது அறவே ஆகாது. “அவன் வந்துட்டுத் திட்டிண்டே போவான். திட்டு வாங்கறதுக்கா கடை வெச்சிருக்கோம்?” என்று கேட்பாள். அந்தக் கெட்டிக்காரர்களுக்கு அவளைவிட வாடிக்கை அதிகம் என்பதையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வாள்.

அவள் தேடிக்கொண்டிருந்த கடை பனகல் பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில் இசக்கியம்மாள் நடத்துவது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, புருஷன் போன பிறகு தனியாகவே கடையைத் தூக்கி நிறுத்தியவர். வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் ஈயச் சொம்பில்தான் ரசம் ருசிக்கும் என்று நம்புகிற மயிலாப்பூரே அவரிடம்தான் வாங்குகிறது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் சாருலதா அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். தீபாவளிக்குள் உலகத்தில் யார் ரசப் பாத்திரம் தேடினாலும் முதலில் இந்தக் கடைதான் வரும் என்று. வந்தால் சரி, வராவிட்டால் தீபாவளியோடு அந்த வாசலை மூடிவிட வேண்டும் என்று இசக்கியம்மாளும் சொல்லிவிட்டார். அந்தத் தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் வெப்சைட் வேண்டும் என்றால் நகைக்கடைக்காரருக்கும் வேண்டும், ஜவுளிக்காரருக்கும் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் தெருவுக்கே வேண்டாம், சாருலதா பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கே போய் மறுபடி பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

இசக்கியம்மாள் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையை அடைக்கும்போது கம்ப்யூட்டர் கடையையும் அடைத்துவிட வேண்டும். அது தானாகத் திறந்தே இருக்கும், ஒன்றும் ஆகாது என்று சாருலதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “நீ சொல்லுதது எனக்கு வெளங்குதும்மா. ஆனா ஆளில்லாத கடையத் தொறந்து போட்டுட்டு நான் எப்பிடித் தூங்குவேன்?” என்றார் அவர்.

சாருலதாவுக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. இறக்கிய ஷட்டரைப் பூட்டோடு போட்டோ பிடித்து, ‘கடை அடைத்தாயிற்று, காலையில் வாருங்கள்’ என்று அழகாக எழுதி ஒரு பக்கம் தயார் செய்தாள். தினமும் ராத்திரி பிரவுசிங் சென்டருக்கு வந்து அந்தப் பக்கத்தை மாட்டிவிட்டுப் போவாள், காலையில் வந்து கழற்றுவாள். கழற்றிய கையோடுதான் தேடல்.

அந்தத் தேடல்தான் நகரவே மாட்டேன் என்றது. கலிபோர்னியாவில் பெரிய தேடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே மனிதர்களே உட்கார்ந்து ஒவ்வொரு கடையின் வெப்சைட்டையும் தங்கள் கண்ணாலேயே பார்த்து, நன்றாக இருந்தால் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். அதில் சேர்ந்துவிட்டால் முதல் பக்கம் நிச்சயம். சாருலதா விண்ணப்பம் போட்டாள், பதில் இல்லை. மறுபடி போட்டாள், அதற்கும் இல்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் பிறந்துவிட்டது. கபாலீஸ்வரரிடம்கூடச் சொல்லிவைத்தாள், இன்டர்நெட் விஷயத்தை அவருக்கு எப்படி விளக்கினாளோ தெரியாது.

விடை வேறு இடத்திலிருந்து வந்தது. கூடப் படித்த ஜானகி கலிபோர்னியாவில் குடியிருக்கிறாள். கடையைப் பார்த்துச் சொல்லேன் என்று சாருலதா கேட்டிருந்ததற்கு ஒரு காலையில் மெயில் எழுதியிருந்தாள்: “என்னடி கடை இது? நானும் ஒரு வாரமா பார்க்கறேன், எப்போ போனாலும் பூட்டு தொங்கிண்டிருக்கு. அந்தம்மா கடையைத் திறக்கறதே இல்லையா?”

சாருலதா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நமக்கு ராத்திரி அவர்களுக்குப் பகல் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்ததை இந்தப் பூட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை நாள் தோன்றவில்லை. தேடுதளத்துக்காரர்கள் காலையில் ஆபீசுக்கு வந்து, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு கடை பார்க்க உட்காருகிற நேரத்துக்குச் சரியாக அவள் இங்கே ஷட்டரை இறக்கியிருக்கிறாள். பஸ் தாமதமான நாட்களில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து இறக்கியிருக்கிறாள். அவளுக்கு முதலில் அழுகை வந்தது, அது பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. கண்ணில் நீர் வழிய அவள் சிரித்த சிரிப்பில் சென்டர்க்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உடனே 12பி பஸ் பிடித்து தி.நகர் போனாள். இசக்கியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் விடிந்தாலும் தன் கடையில் ஆள் இருந்தால்தான் கடை திறந்திருக்கும் என்று பழைய இடத்திலேயே நின்றார். சாருலதா வாதாடவில்லை. வாசலில் ராக்காவல் முடிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார் வாட்ச்மேன் வெள்ளைச்சாமி. அவரைக் காட்டி, “ராத்திரி இவர் இருக்காரோன்னோ? இவரையே அங்கேயும் உட்கார வெச்சுட்டா?” என்று கேட்டாள். இசக்கியம்மாள் யோசித்தார். “அவன் இருந்தாச் சரிதான். அவன் பாத்துக்கிடுவான்” என்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும் போட்டோ எடுத்தார்கள். ஷட்டர் மேலே ஏறியிருக்க, டியூப் லைட் வெளிச்சத்தில் சொம்புகள் அடுக்கடுக்காக மின்ன, வாசலில் முக்காலி போட்டுத் தடியும் கையுமாக வெள்ளைச்சாமி. சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, முன்பற்கள் இரண்டு இல்லாத வாய் நிறையச் சிரித்தார். படத்துக்குக் கீழே சாருலதா எழுதினாள்: ‘இப்போது ராத்திரிக் காவலில் இருப்பவர் வெள்ளைச்சாமி. கடையைச் சுற்றிப் பாருங்கள். வேண்டியதை இவரிடம் எழுதிக் கொடுங்கள், காலையில் அம்மாவிடம் சொல்லிவிடுவார்.’

மறுபடி விண்ணப்பம் போட்டாள். நவராத்திரி முடிந்த வாரத்தில் தேடுதளத்திலிருந்து இரண்டே வரி வந்தது. கடையைச் சேர்த்துக்கொண்டோம், வாட்ச்மேனுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். அதன்பின் மெயில்கள் வர ஆரம்பித்தன, எல்லாமே வெள்ளைச்சாமிக்கு. அன்புள்ள வெள்ளைச்சாமி அவர்களுக்கு, நான்கு பேருக்கு ரசம் வைக்க எந்த அளவுச் சொம்பு சரியாக இருக்கும்? சாருலதா அச்செடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுவாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “யாருன்னே தெரீல, இன்னா மரியாதையா கேக்கறாங்க பாரும்மா” என்பார். பிறகு இசக்கியம்மாளிடம் கேட்டுப் பதில் சொல்வார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் சாருலதா மூலை நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல ரசப் பாத்திரம் என்று தட்டினாள். முதல் பக்கம், முதல் வரி, இசக்கியம்மாள் கடை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் பார்க்கிறவளாயிற்றே என்று இந்தக் கம்ப்யூட்டர் இரக்கப்பட்டுக் காட்டுகிறதோ என்று சந்தேகம். பக்கத்தில் ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பம் தேடிக்கொண்டிருந்தவரைக் கெஞ்சி அவர் மெஷினில் தட்டச் சொன்னாள். அடுத்தவரிடம், அதற்கடுத்தவரிடம். சென்டர்க்காரரும் தன் பங்குக்குக் கல்லாவில் இருந்த மெஷினில் தட்டினார். எங்கே தட்டினாலும் அதே கடைதான் முதலில் நின்றது. போனுக்கு ஓடி இசக்கியம்மாளைக் கூப்பிட்டாள். வாங்கோ என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளி வியாபாரம் பொங்கி வழிகிற நேரத்தில், பட்டப்பகலில் கடையை அடைத்துவிட்டு இசக்கியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார், வெள்ளைச்சாமியையும் கூட்டிக்கொண்டு. தெருக்காரர்கள் ஏதோ துக்கம் என்று பயந்துபோனார்களாம். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாருலதா எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மவுஸின் மேல் அவர் கையை எடுத்து வைத்தாள்.

“இதை ஒரு அமுக்கு அமுக்கினாக் கடை திறக்கும். நீங்களே திறங்கோ.”

இசக்கியம்மாள் அமுக்கவில்லை. கையை எடுத்துவிட்டு எழுந்தார். குனிந்து, கம்ப்யூட்டர் இருந்த மேஜையின் விளிம்பை, கடைப்படியைத் தொடுவதுபோல வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் உட்கார்ந்து மவுஸை அமுக்கினார்.

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த சாருலதா, யாரும் பார்க்காதபடி, காலிலிருந்து செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.