தறிக்குழியில் ஒரு ஜாடி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினோம். காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவைக்காகப் போவார்கள், சாமிக்காகப் போவார்கள். நானும் என் அக்கா வசந்தாவும் ஒரு குழியைப் பார்க்கப் போனோம்.

அக்கா தொல்லியல் பேராசிரியை. கிரேக்கம், லத்தீன் எல்லாம் கற்றவள். ரோமாபுரி மதுஜாடிகள் காஞ்சி வரை வந்தன என்று ஆயுள் முழுக்க எழுதியவள். கூரான அடிப்பகுதித் துண்டுகள்தான் அவளுக்கு ஆதாரம். "அது உள்ளூர்ப் பானைம்மா" என்று அதே துறையில் ராகவன் சார் ஒருவர் மட்டும் விடாமல் மறுத்துவந்தார். முழு ஜாடி கிடைத்தால்தான் தீர்ப்பு. ரோமாபுரி ஜாடி என்றால் தோளில் இரண்டு கைப்பிடி இருக்கும். அக்கா ஓய்வு பெறும் மாதத்தில், அவளுடைய பழைய மாணவி செல்வி படம் அனுப்பினாள். வீட்டில் புதுத் தறிக்குக் குழி வெட்டியபோது மண்சுவரில் தெரிந்ததாம், கூரான அடியோடு ஒரு ஜாடி.

எட்டரைக்குக் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூறுக்கு இறங்கினார். "முகூர்த்தப் புடவையாம்மா?" என்றார். அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டில் செல்வியின் கணவர் குமரேசன் தவித்துக்கொண்டிருந்தார். "பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும்மா. அதுக்குள்ள தறி இறக்கணும். ஆளுங்கல்லாம் காத்துக்கினு இருக்காங்க."

அறுபது வயதில் அக்கா குழிக்குள் இறங்கினாள். தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, ஜாடியின் வயிறு தெரிந்தது. தோள் இன்னும் உள்ளே. மேலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"போதும்மா, மேல தறிக்கட்டை நட்டிருக்குது, சாஞ்சிடும்!" என்றார் குமரேசன்.

"கொஞ்சம் பொறுங்கப்பா."

சாமி, கைப்பிடி இருக்கட்டும் என்று வாய்விட்டே வேண்டினேன். அக்கா இடது தோளைத் தடவினாள். பிறகு வலது. மறுபடியும் இடது.

"வழவழன்னு இருக்கு," என்றாள். "நம்ம ஊர் ஜாடிதான்."

தறி இறங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, கைப்பிடி இருந்தது என்று எழுதினால்தான் என்ன என்று எனக்குக் கோபமே வந்தது. அவளோ ஜாடியை அசைக்காமல் படமெடுத்து, சுற்றிலும் மண்ணை அணைத்துவிட்டு ஏறி வந்தாள். பத்தேகாலுக்குத் தறி இறங்கியது. செல்வி எங்களுக்கும் சர்க்கரைப்பொங்கல் கொடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் அக்கா ராகவன் சாரை அழைத்தாள். "நீங்க சொன்னதுதான் சார் சரி. கைப்பிடி இல்ல. நானே தொட்டுப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அப்போ இனிமே நான் யாரோடம்மா சண்டை போடறது?" என்றார்.

குழியில் கலங்காத அக்கா அப்போதுதான் அழுதாள்.