ஓடையில் இறங்கிய வெள்ளை வேட்டி

அந்த வருஷம் நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நின்றேன். எட்டுத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, சின்னதாக ஆர்டர் பிடித்து டீ-ஷர்ட் தைக்கிற ஆளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காதவர் இல்லை. எல்லாம் எங்கள் வீதிக்குப் பின்னால் ஓடும் ஓடையால் வந்த வினை. சாயக்கழிவு கலந்து திங்கள் பச்சை, செவ்வாய் நீலம் என்று நாளுக்கொரு நிறத்தில் ஓடும். கிணற்றில் வாளி விட்டால் டிகாஷன் மாதிரி தண்ணீர் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதிக்காரர்கள் சேர்ந்து ஓடையைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். கட்சி வேட்பாளர்கள் காலையிலேயே வந்து, ஆளுக்கொரு வேப்பங்கன்றை நட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் விடுவேனா? மைக்கைப் பிடித்தேன். "இந்த ஓடையக் கெடுக்கறவன் எவனா இருந்தாலும் சும்மா உடமாட்டனுங்க" என்று முழங்கினேன். கூட வந்திருந்த கூட்டாளி நீட்டிய லுங்கியை ஒதுக்கிவிட்டு, சலவை வேட்டியோடு ஓடைக்குள் இறங்கினேன்.

பாலிதீன் பைகளை இரண்டு முறை கை நிறைய அள்ளினேன். மூன்றாவது முறை கால் வழுக்கி, முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது வேட்டி சிவந்திருந்தது.

வேறு ஊராக இருந்தால் அடிபட்டதா என்று கேட்டிருப்பார்கள். இங்கே கரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பனியன் கம்பெனியில் கறை, கலர் வித்தியாசம் கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்ப்பவர்கள். எதிர்வீட்டு அக்கா என் வேட்டி நுனியைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மெரூனுங்க."

"மெரூன் இல்லக்கா, ஒயினுல்லா இது" என்றாள் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்.

ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஒரு கலருக்குத் தப்பான பேர் காதில் விழுந்தால் எனக்குப் பொறுக்காது, தொழில் புத்தி அப்படி. சட்டைப்பையில் ஒரு துண்டுத் துணி இருந்தது. என் ஆர்டருக்குச் சாயம் போட்டு, மாதிரிக்கு உள்ளங்கையளவு வெட்டி, முந்தின நாள் சாயப்பட்டறையில் கொடுத்தது. "அக்கா, இதுதானுங்க ஒயின். வெச்சுப் பாருங்க" என்று நானே எடுத்து நீட்டினேன். அறிவுகெட்டவன்.

அக்கா துண்டை வேட்டிமேல் வைத்தார். ஈரம் படாத ஓரமாகத் திருப்பி இன்னொரு தடவை வைத்தார்.

"மேட்ச் ஆகுதுங்க தம்பி" என்றார். அப்புறம்தான், "இது யாரு துணிங்க?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்தது. அத்தனை செக்கிங் கண்ணுக்கு முன்னால் அது தேறாது என்று விழுங்கிவிட்டேன்.

"என்னுதுதானுங்க. எனக்குச் சாயம் போடற பட்டறைத் தண்ணிதானுங்க இது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

"அடுத்த லாட்டுத் துணியும் அங்கயேதானுங்க போகுது?" என்றார் அக்கா, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில்.

"இல்லீங்க்கா. தண்ணியச் சுத்தம் பண்ணி உடற பட்டறைக்கு மாத்திப்போடறனுங்க."

மனசாரத்தான் சொன்னேன். மறுநாள் காலை முதல் வேலையாக அப்படி ஒரு பட்டறைக்குப் போகவும் செய்தேன். பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கோ அடுத்த வாரமே லாரி ஏற வேண்டிய சரக்கு. மூட்டை பழைய பட்டறைக்கே போனது. இந்த ஒரு தடவைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஓட்டுப்பதிவு. மறைப்புக்குள் போய் ஓட்டுச்சீட்டை விரித்தேன். காலையில் ஓடை நீலமாக ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அது என் அடுத்த லாட்டின் சாயம். என் சின்னத்தின்மேல் முத்திரை குத்தக் கை வரவில்லை. கட்சிக்காரர் ஒருவருக்குக் குத்திவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அக்கா விரல் மையை ஊதிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, உங்களுக்குத்தானுங்க போட்டிருக்கறேன். எங்க லைன் ஊட்டுல குடியிருக்கற அத்தன பேருத்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. பட்டறைய மாத்தறேன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதானுங்க."

"சரிங்க்கா" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். ஜெயித்துத் தொலைக்கக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.