மூக்கு அக்காவும் ஏழாவது கேள்வியும்

எங்கள் ஆஸ்பத்திரியில் மூக்கு அக்கா மோந்து பார்க்காத படுக்கை விரிப்பு எந்த வார்டுக்கும் ஏறியதில்லை. கட்டடத்துக்கு அடியில் இருக்கும் சலவைப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். இஸ்திரி மிஷினிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் ஒரு முனையை முகத்தருகே கொண்டுபோவாள். சோப்பு சரியாக அலசவில்லையென்றால் மூக்கில் ஒரு சுருக்கம் விழும். ரத்தம் முழுசாகப் போகவில்லையென்றால் இரண்டு. "வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பிடாதீங்கடி" என்பாள். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவள் நான். பதினொரு வருஷமாக என் தையல் மிஷின் அவளுக்குப் பக்கத்தில்தான்.

ஒருநாள் காலையில் ஒரு மிஷின் துணி முழுவதையும் அவள் திருப்பி அனுப்பினாள். மெக்கானிக் சண்டைக்கு வந்தான். மீட்டர் சரியாகக் காட்டுகிறதாம், இவளுக்கு என்ன தெரியுமாம். கழற்றிப் பார்த்தால் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி கருகிக் கிடந்தது. பச்சைத் தண்ணீரில் துவைத்த துணி பிரசவ வார்டுக்குப் போக இருந்தது. அன்றிலிருந்து மெக்கானிக்கும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

நின்று நின்று அவளுடைய இரண்டு முழங்காலும் போய்விட்டன. மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், உட்கார்ந்து வேலை பார்க்கும் அந்த ஒரே நாற்காலி அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். இன்னும் ஒரு வருஷம் நின்றால் கால் தாங்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஊழியர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: உங்கள் இனம் என்ன? ஐந்து கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டேன். எங்கள் ஆட்களை இந்த ஆஸ்பத்திரி ஒருநாளும் மேலே ஏற்றியதில்லை. யாராவது எண்ணிப் பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன்.

அக்கா அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டாள். அவளுடைய அப்பா ஒரு இனம், அம்மா வேறு இனம். கல்யாணம் ஆனதும் இரண்டு வீடும் தலைமுழுகிவிட்டன. அம்மா செத்த அன்று மட்டும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"எங்க இடுகாடு, உங்க இடுகாடுன்னு ஒன்றரை நாள் சண்டை போட்டாங்க. நடு வீட்டுல அம்மாவைப் போட்டுட்டு. எனக்கு ஒன்பது வயசு. அம்மாவோட வாடை கொஞ்சம் கொஞ்சமா மாறுனதை மோந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். யாரு கேட்டாலும் இனிமே இதைச் சொல்லாதீங்கன்னு அப்பா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு."

அந்த இரண்டாவது ஆள் அவள் தம்பி. துணி வண்டியை வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகிறவன். அவனும் ஏழாவது கேள்வியை வெறுமையாகவே விட்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து லிஃப்ட் பக்கத்தில் யார் யார் எந்தக் கட்டம் என்று பட்டியல் ஒட்டினார்கள். முதலில் பார்த்தவன் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, நீ ரெண்டாம் நம்பராம், நான் நாலாம் நம்பராம். நாம வேற வேற ஜாதி மாங்காயாம்!"

அக்கா அப்பாவைப் போலக் கறுப்பு. தம்பி அம்மாவைப் போலச் சிவப்பு. அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பார்த்து யாரோ கூசாமல் டிக் அடித்திருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்கள் அதையும் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலின் முன்னால் நின்றபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரத்தமும் சீழும் மூட்டை மூட்டையாக வரும் இடத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறேன், எதற்கும் எனக்குக் குமட்டியதில்லை.

மறுநாள் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். லிஃப்ட் நோயாளிகளுக்கும் துணி வண்டிக்கும் மட்டும்தான்; மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதனால் நானும் உள்ளே நின்றேன்.

"வாழ்த்துக்கள்மா. ரெண்டாம் பிரிவிலேருந்து முதல் மேற்பார்வையாளர் நீங்கதான். லிஃப்ட் பக்கத்துல உங்க போட்டோ மாட்டப்போறோம்."

"நான் எதையும் எழுதலையே சார்."

"விட்டுப்போனதை ஆபீஸ்லயே நிரப்பிட்டாங்க. பார்த்தாலே தெரியுதே."

"என் தம்பியை நாலுல போட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க சார்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன வெட்கமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அப்படியா? அப்ப ஒருத்தரை மாத்திடலாம். நீங்க நாலுக்குப் போனா இந்தப் பதவி கிடைக்காது, அதுல ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க. தம்பியை ரெண்டுக்குக் கொண்டுவந்துடுவோமா? விவரம் சரின்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று பதவிக் கடிதத்தை நீட்டினார்.

மளிகைக்கடையில் பருப்பு டப்பாவை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றுகிற மாதிரி சொன்னார். அந்த மேஜையிலேயே காறித் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

அக்கா நிதானமாகக் கேட்டாள். "என் வேலையைப் பத்தி அந்தக் காகிதத்துல ஏதாவது எழுதியிருக்கா சார்?"

அவர் புரட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா இங்க படுத்த ஜனங்களோட ரத்தம், சீழ், மூத்திரம் எல்லாத்தையும் மோந்திருக்கேன். எந்த வார்டுன்னு கேளுங்க, சொல்லிடுவேன். எந்தக் கட்டம்னு எனக்கு இதுவரைக்கும் பிடிபடல. உங்களுக்குப் போட்டோவிலயே வாடை வந்திடுது போல."

அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு மேஜையைப் பிடித்து எழுந்தாள். கீழே வந்ததும் அந்தக் காகிதத்தைச் சிவப்புப் பைக்குள் போட்டாள். தொற்று நோயாளிகளின் துணி வரும் பை அது. அதில் விழுந்ததை யாரும் கையால் தொடக்கூடாது.

ஒரு வாரம் கழித்து அதே கடிதம் வேறு பெயரில் வந்தது. என் பெயரில். இரண்டாம் கட்டத்தில் தானாக டிக் அடித்தவள் சலவைப் பிரிவில் நான் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து சைனஸ். மீன் வாடைகூட எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை கையெழுத்துப் போட்டுவிட்டது.

இப்போது லிஃப்ட் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு தொங்குகிறேன். அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். துணி வெளியே வந்ததும் அக்கா மோந்து பார்க்கிறாள், தலையாட்டுகிறாள், அதன் பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று மத்தியானம் மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். என்னால் பார்க்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன்.

"கொஞ்ச நேரம் உக்காருக்கா. யாரும் பாக்கமாட்டாங்க."

அவள் கோபப்படவில்லை. முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது உன் கட்டத்துக்குக் குடுத்த நாற்காலிடி. நீயே உக்காரு."

அடுத்த விரிப்பு வந்தது. முனையை எடுத்து மோந்தாள். நான் நாற்காலியைத் திரும்ப இழுத்து வந்து உட்கார்ந்தேன்.