எங்களுக்கு லீவு

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒரு நடைக் குழு இருக்கிறது. விடிய எழும்பி ரயில் பாதையோரம் அரை மணித்தியாலம் நடப்போம். பிறகு வடை தின்ன ஒரு மணித்தியாலம் உட்காருவோம். இந்த வீரர்கள் பதினொரு பேரும்தான், மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் போகும் நெடும்பாதையில் ஒரு நாள் நடப்பதென்று முடிவெடுத்தோம். "மனசுக்கு ஒரு ரெஸ்ட் வேணும்" என்றார் குழுத் தலைவர். அவர் ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது.

நடைக்கு நாள் குறித்த அதே கிழமை, எங்கள் வீட்டில் சமைத்து, படுக்கையில் இருக்கும் மாமியையும் பார்த்துக்கொள்கிறவள் இரண்டு நாள் லீவு கேட்டாள். ஊரில் தாய்க்கு மூச்சிழுப்புக் கூடிவிட்டதாம், எழும்ப முடியவில்லையாம். நானும் நடக்கப் போய் அவளும் போனால் மாமியை யார் பார்ப்பது?

"அடுத்த மாசம் போகலாம்தானே" என்றேன். நான் புறப்படும்போது அவள் ஒரு பையை நீட்டினாள். உள்ளே தைலமும் ஒரு கம்பளிச் சட்டையும்.

"நீங்க எங்க தோட்டத்து வழியாத்தான் போறீங்கம்மா. எங்கம்மா கையில குடுத்துருங்க."

ஏழு வருடம் எங்கள் வீட்டில் இருக்கிறாள். எந்தத் தோட்டம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

மலையில் எல்லோருக்கும் புதுச் சப்பாத்து, ஆளுக்கு இரண்டு ஊன்றுதடி. முதல் ஏற்றத்திலேயே தலைவருக்கு மூச்சு வாங்கியது. இயற்கையை ரசிப்பதாகச் சொல்லிச் சமாளித்தார். பாதை பிரிந்த இடத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கொழும்பில் ஆட்டோக்காரனிடம் கதைக்கிற அதே பழக்கத்தில், சிங்களத்தில் வழி கேட்டார். அவள் கை பறிப்பதை நிறுத்தவில்லை.

"தமிழ்லயே கேளுங்க சார்" என்றாள்.

அதற்குப் பிறகும் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க எங்களுக்குக் கூச்சம் வரவில்லை. தேயிலையின் பச்சை அழகென்று ஒருவர் கவிதை வேறு சொன்னார்.

மத்தியானமளவில், பை தந்தவள் சொன்ன லயம் வந்தது, ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் அறைகள். "பத்து நிமிஷம்தான், டைம்டேபிள் பிழைச்சுப்போகும்" என்றார் தலைவர், காலையிலிருந்து பத்து இடத்தில் உட்கார்ந்த மனுஷன்.

கடைசி அறையில் அந்தத் தாய் சுவரில் சாய்ந்திருந்தார். மகள் தந்ததென்று பையைக் கொடுத்தேன். சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"பக்கத்து வீடு" என்றேன். நாக்கூசாமல் வந்தது.

அவர் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக் கதைத்தார். "வர்றேன்னுதான் சொன்னா. வீட்டம்மாவுக்கு ஏதோ பெரிய சோலியாம், தட்ட முடியாதாம்."

என் உல்லாசத்துக்கு மகள் வைத்த பெயர் அது. தாயிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார் அந்தத் தாய். "சோலி முடிஞ்சதும் ஒரே ஒரு நாள் அனுப்பச் சொல்லுங்க. அடுத்த மாசம் வரைக்கும் நான் தாங்க மாட்டேன்."

வெளியே தலைவர் விசிலடித்தார். சொல்வதாகச் சொல்லிவிட்டு எழும்பி, மிச்சம் ஒன்பது கிலோமீற்றரையும் நடந்து முடித்தேன்.