இரண்டு நாள் முழுகிக் கிடந்த டப்பா

சென்ற வாரம் மாகறலில் வெள்ளம் வடிந்ததும் நான் முதலில் ஓடியது எங்கள் வயலைப் பார்க்க அல்ல. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்க்க!

சிரிக்காதீர்கள்... விஷயம் இருக்கிறது.

போன வருடம் லீவுக்கு வந்த என் தம்பி, ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்து, ஜியோகேச்சிங் என்ற விளையாட்டையும் சொல்லித் தந்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பினான். ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு வைத்து எங்காவது மறைக்க வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட வேண்டும். முன்பின் தெரியாத யாரோ தேடி வந்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்!

செய்யாற்றை ஒட்டிய எங்கள் வயலில், கூரை போன பழைய மோட்டார் ரூம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பொந்து. முதலில் பிஸ்கட் டின் வைத்தேன் — ஒரே மழையில் துரு. அடுத்து டிபன் பாக்ஸ். மூடி என்னவோ இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த ஒருவர் பக்கம் நிறைய எழுதி வைத்ததை நான் படிப்பதற்குள், மை கரைந்து தாளெல்லாம் நீலம். அவ்வளவு தூரம் வந்தவருக்கு என்ன பதில் சொல்வது?

உத்திரமேரூர் பஜாரில் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கும் மும்தாஜிடம் போய் நின்றேன்.

"இன்னா டீச்சர், ஊறுகாய் போடவா?"

"இல்ல மும்தாஜ். மழையிலயே கெடக்கணும். உள்ள பேப்பர் நனையக் கூடாது."

ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் ஆசையாக எடுத்த டப்பாவைப் பிடுங்கி வைத்தார். எட்டு டப்பாக்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பேப்பர் துண்டைப் போட்டு மூடி, பெரிய தொட்டித் தண்ணீரில் அமுக்கி, மேலே கல்லை ஏற்றினார். "தொழுதுட்டு வந்துடறேன். அப்புறம் பாக்கலாம்."

வந்து திறந்தால்... ஆறில் பேப்பர் கூழ். ஒன்றில் லேசான ஈரம். ஒன்றே ஒன்றில் மட்டும் பேப்பர் மொடமொடவென்று இருந்தது! மூடிக்குள் ரப்பர் வளையம், நாலு பக்கமும் கிளிப்.

"மூடி டைட்டா கீதுன்னு நம்பிடாதீங்க டீச்சர். தண்ணியத் தடுக்கறது ரப்பருதான். அதுல துளி மண்ணு ஒட்டிக்கினு இருந்தாலும் உள்ள பூந்துடும். தொடச்சிட்டு மூடுங்க."

அதைத்தான் பொந்தில் வைத்தேன்.

இந்த வெள்ளத்தில் அந்தப் பொந்து இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. சேற்றில் நடந்துபோய் டப்பாவை எடுத்துக் கிளிப்பை விலக்கினால் — என் நோட்டுக்கு மேலே ஒரு ரேஷன் கார்டு! பக்கத்தில் சுருட்டி வைத்த பிளஸ் டூ மார்க் ஷீட். பெயர் செல்வி. எங்கள் வயலுக்கு நடவு வேலைக்கு வரும் கன்னியம்மாவின் மகள்.

டப்பாவோடு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வீடிழந்தவர்களை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கன்னியம்மா பதறி எழுந்தார்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். தண்ணி ஏறிக்கினே வந்துச்சு, வூட்டுச் செவுரு சாஞ்சிடுச்சு. இடுப்புத் தண்ணியில மாமியாரத் தூக்கிக்கினு வரணும், காயிதத்த எப்படிக் கொண்டாறது? ஆடு மேய்க்கறப்ப உங்க டப்பாவப் பாத்து வச்சிருந்தேன். வர்ற வழியில அதுல போட்டுட்டு வந்துட்டேன். இப்ப அந்த எடமே முயிகிப் போச்சின்றாங்களே..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செல்விக்கு நர்ஸ் டிரெயினிங் கெடச்சிக்கீது. ஒரிஜினல் கேக்கறாங்க டீச்சர்."

டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. கன்னியம்மா மார்க் ஷீட்டைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஆனால் அந்த நன்றி எனக்கா சேரும்? நேற்று அவரை மும்தாஜ் கடைக்கே அழைத்துப் போனேன். நடந்ததைக் கேட்ட மும்தாஜ், கன்னியம்மாவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இதுக்குத்தான்னு எனக்கு அன்னிக்கித் தெரியாதும்மா" என்றார் கன்னியம்மாவிடம். "தெரிஞ்சிருந்தா பயந்துகினு எதையும் குடுத்திருக்க மாட்டேன்."

எதற்கு என்று தெரியாமலே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து கொடுக்கிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனை பேர்! நாம்தான் நன்றி சொல்ல மறந்துவிடுகிறோம். இந்த வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கம் அவர்களுக்கு.

அதுசரி... உங்கள் வீட்டு ரேஷன் கார்டு எதற்குள் இருக்கிறது?