இரண்டாவது கொட்டேஷன்

மானியம் என்றாலே இப்போதெல்லாம் எனக்கு அலுப்புதான் வருகிறது. எங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் உட்கார்ந்து, சின்னக் கடைக்காரர்களுக்கு அரசு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

என்னைப் படாதபாடு படுத்தியவர் ஹட்சுயே அக்கா. கணவர் போனபிறகு, ஸ்டேஷனுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் சமையற்கூடத்தை ஒண்டியாக நடத்துகிறார். வேலைக்கு மூன்று பெண்கள். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, வேறு எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சோறு வேகவைக்கும் மெஷினோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. அது நின்றால் தொழிற்சாலைக்குப் போகும் இருநூறு பெட்டியும் நிற்கும். மூவரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். புது மெஷினுக்கு மூன்றில் இரண்டு பங்கு அரசு தரும், யாரையும் வேலையிலிருந்து அனுப்பக்கூடாது என்பது நிபந்தனை.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு, இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்றேன். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மெஷின் விற்பவர் இகராஷி அண்ணன். ஒற்றை ஆள் கடை, விற்பதும் பழுது பார்ப்பதும் அவரேதான். அக்காவின் கணவர் இறந்த அன்று இடுப்பளவு பனியில் நடந்து வந்து, பர்னரைச் சரிசெய்துவிட்டுக் கூலி வாங்காமல் போனவர். எங்கள் பக்கத்தில் இன்னொருவரிடம் விலை கேட்பது, உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

"அவர் மூஞ்சில நான் எப்படி சார் முழிப்பேன்? விட்டுடுங்க."

ஒரே கொட்டேஷன் வைப்பதற்கு நீண்ட நாள் பழக்கம் என்று காரணம் எழுதிப் பார்த்தேன். செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். கெடுவுக்கு நாலு நாள்தான் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் இகராஷி அண்ணனிடமே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஓர் உறையோடு சங்கத்துக்கு வந்தார். நீகாட்டா நகரத்துக் கம்பெனி ஒன்றில் தானே கேட்டு வாங்கிய கொட்டேஷன். அவர் விலையைவிடக் குறைவு. குறைந்த விலைக்காரனிடம்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம்.

"தெரிஞ்சுதான் கொண்டு வந்தீங்களாண்ணே?"

"நான் வாங்குற விலைக்கும் கீழ போட்டிருக்கான். பரவாயில்ல. அந்தம்மாவப் போயி கேக்க வச்சிடாதீங்க."

அண்ணனே கொண்டுவந்தது என்றதும் அக்கா கையெழுத்துப் போட்டார். மானியம் வந்தது. மெஷினும் வந்தது, நீகாட்டாவிலிருந்து. அந்த வருடம் இகராஷி அண்ணன் நம்பியிருந்த பெரிய வியாபாரம் அது ஒன்றுதான். மார்ச்சில் கடையை மூடிவிட்டு, இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். என் வாய்தான் அதற்குக் காரணம்.

ஆண்டு முடிவில் அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த மானியத்தால் உள்ளூரில் எத்தனை பேர் வேலை நிலைத்தது என்று ஒரு கட்டம். மூன்று என்று எழுதி, முத்திரை குத்த அக்காவிடம் நீட்டினேன். அவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"ரெண்டுன்னு போடுங்க சார். அவரு கடை ஒண்ணு போயிடுச்சில்ல."

அப்படி எழுதினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மூன்றென்றே அனுப்பினேன்.